தேர்வறையின் வரலாறும் நமது தட்டிகளும்

1

2017 செப்டம்பர் முதல் வாரத்தில் ஓசூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் நாங்கள் சிலர் ஒரு தட்டி வைத்தோம். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவின் படம், அதன் கீழ் 1,200-க்கு 1,176 என்ற எண், அதற்கும் கீழே நான் எழுதிக்கொடுத்த நான்கு வரிகள். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், தலித் மாணவி, நீட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றவர். அந்த மாதம் 1-ஆம் தேதி அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தது. கோபமும் அழுகையுமாக எழுதிய வரிகள் அவை. தியாகி என்று எழுதினேன். சாவை ஒரு தீப்பந்தமாக்கியும் ஏதோ எழுதினேன்.

தட்டி கட்டி முடித்த சாயங்காலம், சங்கத் தோழர் ஒருவரின் மகள் அதை நிதானமாகப் படித்தாள். அப்போது பத்தாம் வகுப்பு. படித்துவிட்டுக் கேட்டாள்: "நல்லா எழுதியிருக்கீங்க மாமா. ஆனா இவங்க உயிரோட இருந்து, சீட்டு கிடைக்காம நர்ஸுக்குப் படிக்கப் போயிருந்தா, தட்டி வெச்சிருப்பீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. வைத்திருக்க மாட்டோம் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தேர்வு, பதின்வயது, மனநலம் என்று இன்று பலரும் பேசுகிறார்கள். பள்ளிக்கூட மேடையில் தன்னம்பிக்கைப் பேச்சாளர் பேசுகிறார், தொலைக்காட்சியில் உளவியல் ஆலோசகர் பேசுகிறார். நாம், அதாவது இந்த மாதிரிப் பத்திரிகைகளை எழுதவும் படிக்கவும் செய்கிறவர்கள், அவர்களைக் கேலி செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 'பிரச்சனை மனசில் இல்லை, அமைப்பில் இருக்கிறது' என்பது நம் வாய்ப்பாடு. வாய்ப்பாடு பொய்யில்லை, ஆனால் போதாது. ஏன் போதாது என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கும் முயற்சிதான் இக்கட்டுரை. அதற்குத் தேர்வு என்கிற இந்தச் சாமானுடைய வரலாற்றை, நான் வாழும் இந்த எல்லையோரத்தில் நின்றுகொண்டு கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

தேர்வு இயற்கையானதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி தன் உயர் அதிகாரிகளைச் சிபாரிசின் பேரில் எடுத்துக்கொண்டிருந்ததை விட்டு, போட்டித் தேர்வுக்கு மாறியது 1855-இல். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் வந்தது. மெட்ரிகுலேஷன் அதன் வாசற்கதவு. பாடம் சொல்லிக்கொடுப்பதைக் காட்டிலும் தேர்வு நடத்துவதே அக்காலப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வேலை. திண்ணைப் பள்ளியில் வாத்தியார் கையில் பிரம்பு இருந்தது, ஆனால் ஊர் பேர் தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து ஒரு பிள்ளையை எண்ணாக மாற்றும் வழக்கம் அங்கே இல்லை.

மிஷெல் ஃபூக்கோ 1975-இல் வெளியிட்ட சிறைச்சாலையின் வரலாறு பற்றிய நூலில் தேர்வுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். கண்காணிப்பதும், இயல்பு எது பிறழ்வு எது என்று தீர்ப்புச் சொல்வதும் தேர்வில் ஒன்றுசேர்கின்றன. ஒவ்வொரு மனிதரும் ஆவணத்தில் பதிந்த ஒரு 'நேர்வாக' ஆகிறார். மருத்துவமனையின் நோயாளிக் குறிப்பும் பள்ளியின் மதிப்பெண் பட்டியலும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பது அவர் பார்வை. இது நமக்கு முக்கியம். தேர்வு பயந்த பிள்ளையை உண்டாக்குகிறது, பிறகு அந்தப் பயத்தை அளக்க இன்னொரு படிவம் வருகிறது. இரண்டையும் நிரப்புவது அதே பிள்ளை.

ஆனால் ஃபூக்கோவோடு நின்றுவிட்டால் இந்த மண்ணின் கதை பாதிதான் புரியும். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. 1878-இல் அங்கே பிறந்த இராஜாஜி ஓசூர் அரசுப் பள்ளியில் படித்து, 1891-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அதாவது பன்னிரண்டு வயதில். அந்த வயதில் அதே தொரப்பள்ளியில் ஆடு மேய்த்த பிள்ளைக்குத் தேர்வு பயம் இருந்திருக்காது, ஏனென்றால் தேர்வே இருந்திருக்காது. அந்த நிம்மதியை யாரும் மனநலம் என்று சொல்லமாட்டோம்.

பிற்காலத்தில் முதலமைச்சராக இருந்த அதே இராஜாஜி 1953-இல் தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி நேரம் குறையும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று பெயரிட்டுத் தமிழகம் எதிர்த்தது. 1954-இல் காமராஜர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அந்த எதிர்ப்பு சரி, நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதன் விளைவொன்றை நாம் யோசிக்கவில்லை. சாதித் தொழிலிலிருந்து வெளியேறும் ஒரே கதவாகப் பள்ளி ஆயிற்று, பள்ளியின் ஒரே பூட்டாகத் தேர்வு ஆயிற்று. தேர்வு எண்ணுக்குப் பின்னால் சாதி தெரியாது, தெரு தெரியாது. திருத்துகிறவருக்கு விடைத்தாள் மட்டும்தான் தெரியும். பரம்பரைச் சொத்து எதுவுமில்லாதவருக்கு இது சாதாரண விஷயமில்லை. தேர்வை ஒழித்துக்கட்டு என்று நம்மில் சிலர் சொல்லும்போது அடித்தட்டுப் பெற்றோர் திகைத்துப் பார்ப்பது இதனால்தான். 'அப்ப எங்க புள்ளைய எதை வெச்சு உள்ள விடுவாங்க?' என்பது அவர்கள் கேள்வி.

ஆக, தேர்வு ஒரே சமயத்தில் விடுதலையாகவும் வதையாகவும் இருக்கிறது. இந்த இரட்டைத்தன்மையை விட்டுவிட்டு எழுதப்படுகிற எதுவும், ஆலோசகருடைய துண்டறிக்கையாகட்டும் நம்முடைய கோட்பாட்டுக் கட்டுரையாகட்டும், பிள்ளைகளைப் போய்ச் சேராது.

3

1971-இல் சிப்காட் தொடங்கப்பட்டது. ஓசூர் அதன் ஆரம்பகாலத் தொழிற்பேட்டைகளில் ஒன்று. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. 1980-களின் பிற்பகுதியில் டைட்டன், சுற்றுவட்டாரக் கிராமப்புறப் பள்ளிகளில் படித்த இளவயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துக் கைக்கடிகாரம் செய்ய வைத்தது. ராகியும் கொள்ளும் விளைந்த பூமியில் ஒரு பையன் மாதச் சம்பளக்காரன் ஆனான். அதற்கு அவன் கொண்டுபோன காகிதம் மதிப்பெண் பட்டியல்.

இதே காலத்தில்தான் தேர்வின் ஏணியும் நீண்டது. 1978-இல் தமிழகப் பள்ளிகளில் பிளஸ் டூ வந்தது. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. ஒரு தேர்வு இருந்த இடத்தில் மூன்று தேர்வு. பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை, உடம்பும் மனசும் தலைகீழாகப் புரண்டுகொண்டிருக்கும் வருடங்களின் மேல் மூன்று சுவர்கள்.

1990-களுக்குப் பிறகு நிரந்தர வேலை சுருங்கி ஒப்பந்த வேலை பெருகியது. கேட்டுக்கு வெளியே நிற்கும் கான்ட்ராக்டரின் ஆள் பத்தாவது மார்க் ஷீட் ஜெராக்ஸ் கேட்கிறான். வேலைக்கும் மார்க்குக்கும் சம்பந்தமில்லை. எட்டு மணி நேரம் நின்று திருகாணி முடுக்க அல்ஜீப்ரா எதற்கு? மார்க் ஷீட் அறிவின் அளவுகோலாக அங்கே கேட்கப்படுவதில்லை, கீழ்ப்படிதலுக்கான சான்றாகக் கேட்கப்படுகிறது. இத்தனை வருஷம் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதற்கு அத்தாட்சி. ஒரு அப்பா தன் மகனிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்: "ஃபெயிலானா என்னை மாதிரி கான்ட்ராக்ட்டுதான்டா." மகன் பதில் சொல்லவில்லை. அப்பாவின் வாழ்க்கையே மகனுக்குத் தண்டனையாகக் காட்டப்படுகிறது. அதைச் சொல்லும் அப்பாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எந்த ஆலோசனைக் கையேடும் கேட்பதில்லை.

'பிள்ளைக்குத் தனி அறை கொடுங்கள், வீட்டில் அமைதி நிலவட்டும், எட்டு மணி நேரம் தூங்கவிடுங்கள்' என்று எழுதுகிறார்கள். சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் இருப்பது ஒரே அறை. மூன்றாம் ஷிப்ட் முடித்து வந்த அப்பா பகலில் அங்கேதான் தூங்க வேண்டும். அம்மா முதல் ஷிப்ட்டுக்கு விடியுமுன்னே எழுந்து விளக்குப் போட வேண்டும். பிள்ளையின் தூக்கத்தைப் பிள்ளையோ பெற்றோரோ தீர்மானிப்பதில்லை, கம்பெனியின் ஷிப்ட் அட்டவணை தீர்மானிக்கிறது. தூக்கம் கெட்டால் நினைவாற்றல் குறையும், எரிச்சல் கூடும், வயிறு வலிக்கும். காலையில் வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளை நடிப்பதாக வீடும் பள்ளியும் முடிவு செய்கின்றன.

4

கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004-இல். கல்வியில் பின்தங்கிய வட்டாரம் என்ற பெயர் வெகுகாலமாக உண்டு. அதே மாவட்டத்தின் ஊத்தங்கரையிலுள்ள ஒரு தனியார் பள்ளிக்கு 2014-இலும் 2016-இலும் பிளஸ் டூவில் மாநில முதலிடம் வந்தது. முரண்பாடு மாதிரித் தெரியும், முரண்பாடு இல்லை. நாமக்கல்லில் பிறந்து இந்தப் பக்கம் பரவிய விடுதிப் பள்ளி முறையின் விளைச்சல் அது. மக்கள் அவற்றுக்கு வைத்த பெயர் பிராய்லர் பள்ளி. எந்தச் சமூகவியலாளரும் இதைவிடத் துல்லியமாகப் பெயர் வைத்திருக்க முடியாது. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைக்கும் பழக்கம் இப்படித்தான் பரவியது.

2015 மார்ச்சில் ஓசூர் தேசியச் செய்தியானது. பிளஸ் டூ கணிதத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே, கண்காணிப்புப் பணியிலிருந்த தனியார் பள்ளி ஆசிரியர் கைப்பேசியில் வினாத்தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சக ஆசிரியர்களுக்கு அனுப்பினார். ஆசிரியர்கள் கைதானார்கள். ஊர் 'திருட்டு வாத்தியார்' என்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்ச்சி விகிதம் எவ்வளவு, நூற்றுக்கு நூறு எத்தனை பேர் என்பதை வைத்து அடுத்த வருஷச் சேர்க்கை நடக்கும் சந்தையில், தேர்வு பயம் மாணவனோடு நிற்பதில்லை. ஃபூக்கோ சொன்ன கண்காணிப்பாளரும் இங்கே கண்காணிக்கப்படுகிறவர்தான். பயந்த ஆசிரியரிடம் பிள்ளை எப்படித் தன் பயத்தைச் சொல்லும்?

மொழி இன்னொரு சுவர். இந்த எல்லையில் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் கன்னடம், கடையில் தமிழ், பக்கத்துச் சந்தில் உருது. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம், 2006-07-இல் முதல் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. சிறுபான்மை மொழிப் பள்ளிகளில் தமிழாசிரியர் சரியாக நியமிக்கப்படாமலேயே பொதுத்தேர்வில் தமிழ்த்தாள் வந்து நின்றது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, விலக்குகள் கிடைத்தன. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வருஷத்துக்கு விலக்கு அளித்தது. பிப்ரவரியில் தீர்ப்பு, ஏப்ரலில் தேர்வு! எந்த மொழியில் எழுதப்போகிறோம் என்று தெரியாமலே ஒரு பிள்ளை வருஷம் முழுக்கப் படித்திருக்கிறது. தமிழ் பேசும் நாம் இந்தி விஷயத்தில் உடனே புரிந்துகொள்ளும் வலியை இங்கே புரிந்துகொள்ள ஏன் இத்தனை தயக்கம்? தமிழ் கற்பிக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆசிரியரைக் கொடுக்காமல் தேர்வை மட்டும் கொடுப்பதைக் கற்பித்தல் என்று சொல்ல முடியாது.

பெண்பிள்ளைகளுக்குத் தேர்வு முடிவு என்பது மதிப்பெண் பற்றிய செய்தி மட்டுமல்ல. தளி, அஞ்செட்டி பக்கத்து மலைக்கிராமங்களில் 'பாஸானா படி, ஃபெயிலானா கல்யாணம்' என்பது எழுதப்படாத ஒப்பந்தம். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-லிருந்தே இருக்கிறது. ஆனால் ஒரு பாடத்தில் 35-க்குக் கீழே போன பெண்ணைச் சட்டம் தேடி வருவதற்குள் பந்தல்கால் நட்டுவிடுகிறார்கள். அவளுக்குப் பயமாக இருக்கிறது என்றால், அந்தப் பயத்தை மனக்கோளாறு என்று எப்படிச் சொல்வது? அவள் நிலைமையைச் சரியாகவே கணித்திருக்கிறாள்.

5

இங்கேதான் நம் வாய்ப்பாடு உதவிக்கு வரும், 'எல்லாம் அமைப்பின் குற்றம்' என்று முடித்துவிடலாம். முடிக்கக்கூடாது என்பதற்குத் தமிழகத்து அனுபவம் ஒன்று சொல்கிறேன்.

1986-இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் பேசலாம், கேட்க ஒருவர் இருப்பார், அவ்வளவுதான். இந்த மாதிரி வேலையை நாம் சீர்திருத்தவாதம், ஒட்டுப்போடுதல் என்று ஒதுக்கினோம். ஆனால் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு ஒன்று புரிந்தது. அக்காலத்தில் மார்ச்சில் ஃபெயிலானவர் செப்டம்பர், அக்டோபரில்தான் மறுபடி எழுத முடியும். அதற்குள் கல்லூரிக் கதவு சாத்திவிடும். ஒரு பாடத்தால் ஒரு வருஷமே போகும். பிள்ளைகளை நசுக்கியது 'ஃபெயில்' என்ற சொல் மட்டுமல்ல, அந்த ஒரு வருஷ வெறுமையும்தான். உடனடித் துணைத்தேர்வு வேண்டும் என்ற கோரிக்கையை லட்சுமி விஜயகுமார் அரசிடம் விடாமல் வைத்தார். 2000-களின் தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. முடிவு வந்த சில வாரங்களில் மறுபடி எழுதலாம், அதே வருஷம் கல்லூரிக்குப் போகலாம்.

பிள்ளையின் மனசைத் திருத்தப் போகாமல் தேர்வின் நாட்காட்டியைத் திருத்தினார்கள். அமைப்பு பற்றி ஓயாமல் பேசிய நாம் செய்யாத அமைப்பு மாற்றத்தை, மனசு பற்றிப் பேசுகிறவர்கள் என்று நாம் கேலி செய்தவர்கள் செய்தார்கள். ஒவ்வொருவராக உட்காரவைத்து என்ன வலிக்கிறது என்று கேட்டதால்தான் எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

இதே வகையில் பிற மாற்றங்களையும் பார்க்கலாம். 2006-இல் இயற்றிய சட்டத்தால் தமிழகம் நுழைவுத் தேர்வை ஒழித்தது. 2017-இல் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பள்ளி வாசலில் ஒரு முகத்தை மட்டும் பெரிதாக அச்சடிக்கும் பேனர்களுக்கு அது முதல் அடி. பிராய்லர் முறைக்கு எதிராக 2018-இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, ஒரு நோய்க்கு மருந்தாக வந்து இன்னொரு சுவராக நின்றது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அதுவும் நீக்கப்பட்டது. நாடாளுமன்றத்தின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்துவதற்குத் தடை போட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவு இல்லை. அதற்கு முன்பு, பிழைத்து வந்த பிள்ளை போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டும். குடும்பங்கள் மூடி மறைத்ததற்கு மானம் மட்டும் காரணமில்லை.

இத்தனைக்குப் பிறகும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாடு முழுக்கத் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். மகாராஷ்டிரத்துக்கு (1,764) அடுத்து வருவது தமிழ்நாடு, 1,416. எல்லாமே தேர்வினால் நேர்ந்தவை அல்ல. ஒரு சாவுக்கு ஒரே காரணம் இருப்பதும் இல்லை. அதற்கடுத்த வருஷம், 2023 மார்ச் 13 அன்று, பிளஸ் டூ மொழித்தாளுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. சாவு செய்தியாகிறது. வராமல் போனவர்கள் ஒருநாள் எண்ணாகித் தலைப்பைப் பிடித்துவிட்டு மறைந்துபோகிறார்கள். கொரோனாக் காலத்தில் தேர்வே இல்லாமல் 'ஆல் பாஸ்' ஆகி மேலே வந்தவர்கள் இவர்களில் பலர். தேர்வை நீக்கினால் மட்டும் போதாது, அந்த இடத்தில் பள்ளி இருந்தாக வேண்டும் என்பதை இவர்கள் நமக்குச் சொல்லாமல் சொல்கிறார்கள்.

6

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கும் சாலையின் பெயர் ஓசூர் ரோடு. நாட்டின் மிகப் பெரிய மனநல நிறுவனம் எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ரோட்டில், நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் 'நிம்ஹான்ஸ் கேசு' என்பது எங்கள் பக்கம் ஒரு வசவு. 104, மாணவர்களுக்கான 14417, 2022-இலிருந்து எந்நேரமும் எடுக்கும் 14416 என்று எண்கள் இருக்கின்றன. அந்த எண்ணை அழுத்துவதற்குக் கைப்பேசி அப்பாவுடையது. அழுத்துவதற்கு முன்னால், 'எனக்கு முடியல' என்று பக்கத்தில் ஒருவரிடம் சொல்லலாம் என்ற தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் தனிமனிதக் குணமல்ல, சுற்றியுள்ளவர்கள் உண்டாக்கித் தருவது.

அப்படியானால் சுற்றியுள்ள நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? தட்டி எழுதிக்கொண்டிருந்தோம். 1897-இல் துர்க்ஹைம் தற்கொலையைச் சமூக நிகழ்வாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார், அதை நாம் பிடித்துக்கொண்டோம். 1974-இல் டேவிட் பிலிப்ஸ் என்கிற சமூகவியலாளர், பிரபலமாக்கப்பட்ட ஒரு தற்கொலைச் செய்தியைத் தொடர்ந்து எண்ணிக்கை கூடுவதைக் காட்டினார், அதை நாம் படிக்கவில்லை. தீக்குளிப்பைக் கொண்டாடிய நீண்ட மரபு நம் அரசியலுக்கு உண்டு. அந்த மொழியை அப்படியே பதினேழு வயதுப் பிள்ளைகளின் தலையில் இறக்கினோம். அனிதாவின் 1,176 ஒரு சாதனை. அவர் நீதிமன்றத்துக்குப் போனது ஒரு போராட்டம். அவர் சாவு இவற்றின் உச்சமல்ல, இவை இரண்டும் பாதியில் அறுபட்ட இடம். இந்த வித்தியாசத்தை என் நான்கு வரிகள் அழித்துவிட்டன. நீட்டை எதிர்த்து 2021-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். போராட்டம் நீளும். நீளும் போராட்டத்துக்கு உயிரோடு இருக்கிறவர்கள் வேண்டும்.

இப்போது நாங்கள் செய்வது சின்ன வேலைதான். தேர்வு மாதங்களில் சங்க அலுவலகத்து மேல்மாடி அறையை இரவு பத்து மணி வரை பிள்ளைகள் படிக்கத் திறந்துவிடுகிறோம். முடிவு வரும் நாளில் காலையிலிருந்து இருவர் அங்கேயே இருக்கிறோம். துணைத்தேர்வுக்கு என்றைக்குள், எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டுகிறோம். ஒரு பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், தன் சாமான்களை யாருக்காவது கொடுத்துக்கொண்டிருந்தால், 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று நானும் பயந்தவன்தான். அப்படி ஆவதில்லை என்பது மருத்துவத்தில் உறுதிப்பட்ட விஷயம். கேட்கும்போது பல பிள்ளைகள் அழுகிறார்கள். அழுத பிறகு பேசுகிறார்கள். தேவைப்பட்டால் கூடவே மருத்துவரிடம் போகிறோம்.

தட்டியைப் படித்துக் கேள்வி கேட்டவள் பத்தாவது பாஸ், பிளஸ் டூவில் ஒரு பாடம் போனது. துணைத்தேர்வில் எடுத்துவிட்டாள். இன்று ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி, அஞ்சல்வழியில் பட்டப்படிப்பு. போன மே மாதம் முடிவு வந்த அன்று நைட் ஷிப்ட் முடித்து நேரே மேல்மாடிக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். ஒரு பையன் கணக்கில் 28. முகத்தை மூடிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய், "எனக்கு 31-டா. வா, ஃபாரம் போடலாம், அதுக்கு முன்னாடி டீ குடிக்கலாம்" என்றாள்.

அவளுக்கு யாரும் தட்டி வைக்கவில்லை.